ஜாக்கி புல்லி

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு ஜாக்கி புல்லி என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரிங் பிரேமில் டின் ரோலரிலிருந்து ஒரு டேப் புறப்பட்டு நான்கு ஸ்பிண்டில்களைச் சுற்றி வரும். அந்த டேப் தொய்ந்துவிடாமல் ஒரு சின்னச் சக்கரம் அதை அழுத்திக்கொண்டே சுற்றும். அதுதான் ஜாக்கி புல்லி. அது தானாக எதையும் ஓட்டாது, நூல் நூற்காது. ஆனால் அது சரியில்லை என்றால் டேப் வழுக்கும், ஸ்பிண்டில் வேகம் குறையும், நூலில் முறுக்குக் குறையும், அடுத்த டிபார்ட்மெண்டில் நூல் அறுந்துகொண்டே இருக்கும். கோயமுத்தூரில் ஒரு மில்லின் மெயின்டனன்ஸ் பிரிவில் 34 வருஷம் இருந்தேன். அதில் பாதிக் காலம் இப்படிப்பட்ட சக்கரங்களோடும் அவற்றின் பேரிங்குகளோடும்தான் போயிற்று.

அதே ஜாக்கி புல்லியை அமெரிக்காவில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பானட்டுக்குள் பார்த்தேன். அதை மாற்றிய கதைதான் இது.

போன வருஷம் நானும் என் மனைவியும் ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தோம். டெக்சாஸில் ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்து என்ற ஊர். மீனாட்சி கோயில் இருக்கும் ஊர் என்றால் போய் வந்தவர்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குக் குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே ஒரு ஆசை கார். நாற்பத்தைந்து வயதில் பழைய கார்வெட் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். 2002ஆம் வருஷ மாடல், ஒரு லட்சம் மைல் தாண்டி ஓடியது.

கார்வெட் என்பது செவர்லே கம்பெனி 1953இல் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் கார். அந்தப் பெயர் ஒரு சிறிய வகைப் போர்க்கப்பலின் பெயர். மாப்பிள்ளையுடையது ஐந்தாம் தலைமுறை, 1997 முதல் 2004 வரை வந்தது. எஞ்சின் 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர், 350 குதிரை சக்தி. நம் அம்பாசடர் எஞ்சின் 1,489 சிசி. அதைப் போல ஏறக்குறைய நான்கு எஞ்சினை ஒன்றாகச் சேர்த்த அளவு. உடம்பு தகரமில்லை, ஃபைபர். கியர் பாக்ஸ் எஞ்சினோடு ஒட்டி இல்லாமல் பின் சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹெட்லைட் பகலில் மூடிக்கொண்டு, போட்டால் கண் விழிப்பது மாதிரி மேலே எழும்பும். சீட் இரண்டே இரண்டு.

அந்த இரண்டு சீட்டில்தான் சிக்கல் ஆரம்பித்தது. பேத்திக்குப் பதினாலு வயது. அப்பாவும் மகளும் பள்ளிக்கூட லீவில் கென்டக்கி மாநிலத்தில் இருக்கும் பவுலிங் கிரீன் என்ற ஊருக்கு இந்தக் காரிலேயே போய்வர முடிவு செய்திருந்தார்கள். 1981 முதல் கார்வெட்டுகள் அந்த ஊரில்தான் தயாராகின்றன. 1994இல் திறந்த கார்வெட் மியூசியமும் அங்கே இருக்கிறது. 2014 பிப்ரவரியில் ஒரு நாள் அந்த மியூசியத்தின் தரை உள்வாங்கி, எட்டு கார்கள் பள்ளத்துக்குள் போய்விட்டன. விடிவதற்கு முன்னால் நடந்ததால் ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று பேத்திக்கு ஆசை. ஒரு வழிக்கு 800 மைலுக்கு மேல்.

புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது கார் சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் ‘கீ’ என்று ஒரு கூச்சல், அடியில் ஒரு கரகரப்பு, சூடானாலும் அது நிற்பதில்லை. பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைக்கிறது என்றாள் மகள். மாப்பிள்ளை ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினார். பெல்ட்டாக இருக்கலாம், புல்லியாக இருக்கலாம், ஆல்டர்னேட்டராகவும் இருக்கலாம், எல்லாம் சேர்த்து 640 டாலர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர் வேலை மாறியிருந்த சமயம், கை கொஞ்சம் இறுக்கம்.

மகள் சாப்பாட்டு மேஜையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: “இந்தச் சத்தத்தோட என் பொண்ண அந்த வண்டியில அனுப்ப மாட்டேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. இந்த எஞ்சினில் ஒரே பெல்ட்தான் வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் ஓட்டுகிறது. ஏசிக்கு மட்டும் தனி பெல்ட். புல்லியின் பேரிங் இறுகிவிட்டால் பெல்ட் கருகி அறுந்துவிடும், அல்லது கழன்று விழுந்துவிடும். அந்த நிமிஷமே தண்ணீர் ஓட்டம் நிற்கும், சார்ஜ் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். ஜூன் மாத வெயிலில், எழுபது மைல் வேகத்தில் லாரிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். “மாமா, மில்லுல நீங்க சத்தத்த வெச்சே எந்த பேரிங்னு சொல்லிருவீங்களாம். அவ அடிக்கடி சொல்லுவா. ஒருக்கா பாக்கறீங்களா?”

மகள் சொன்னது உண்மைதான். ஒரு காலத்தில் நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை மெஷினில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டு, இந்த பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும், அந்த பேரிங் இன்றைக்கே போகும் என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் வீட்டில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ளும் இந்தச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம் முன்பு கோவையில் காது டாக்டர் ஆடியோகிராம் எடுத்துக் காட்டினார். 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களின் காது முதலில் அங்கேதான் போகும் என்றார். காதில் மாட்டும் மெஷின் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு பீரோவில் இருந்தது.

“மாப்பிள்ளை, எனக்கு அந்தச் சத்தம் கேக்கறதில்லைங்க” என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேத்திதான் பேசினாள். “எனக்குக் கேக்குது அப்புச்சி. நான் கேட்டுச் சொல்றேன், நீங்க என்னன்னு சொல்லுங்க.”

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். அவர்கள் காலனியில் வீட்டு வாசலில் வைத்துக் கார் ரிப்பேர் பார்க்கக் கூடாது என்று விதி. அதனால் கராஜுக்குள்ளேயே, புகை உள்ளே தங்காமலிருக்கக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு செய்தோம். நான் வேட்டியை மாற்றி பேண்ட் போட்டுக்கொண்டேன். பேத்தியின் கூந்தலை முடிந்து தொப்பிக்குள் போடச் சொன்னேன். மில்லில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பது இதுதான்: ஓடுகிற பெல்ட்டின் பக்கம் தொங்குகிற எதுவும் போகக் கூடாது.

முதலில் தண்ணீர் சோதனை. எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிகள் மேல் தூரத்திலிருந்து கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் சட்டென்று மாறினால் குறை பெல்ட்டில், அல்லது பெல்ட் ஓடும் வரிசை கோணலாக இருக்கிறது. மாறவில்லை என்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். தெளித்தேன். “அப்படியேதான் இருக்கு” என்றாள்.

அடுத்து மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதாஸ்கோப். டாக்டருடையது மாதிரிதான், முனையில் வட்டத்துக்குப் பதிலாக ஒரு இரும்புக் கம்பி இருக்கும். அவள் காதில் மாட்டிக்கொண்டாள். கம்பியை நான் பிடித்தேன். புல்லி சுற்றினாலும் அதன் நடுவில் இருக்கும் போல்ட் சுற்றாது. ஆகவே கம்பியை அதன் தலையில் வைக்கலாம், கை மட்டும் நடுங்கக் கூடாது. ஆல்டர்னேட்டரில் வைத்தேன். “தேனீ மாதிரி இருக்கு.” வாட்டர் பம்ப்பில் வைத்தேன். “சும்மா காத்து மாதிரி.” ஐட்லர் புல்லியின் போல்ட்டில் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். “டப்பாவுல கூழாங்கல்லப் போட்டு ஆட்டற மாதிரி இருக்கு அப்புச்சி!” டென்ஷனர் புல்லியில் அதே சத்தம் கொஞ்சம் குறைவாக.

ஐட்லர், டென்ஷனர் என்று பெயர்தான் வேறு. ஐட்லர் பெல்ட்டுக்கு வழிகாட்டுகிறது. டென்ஷனர் ஸ்பிரிங் பலத்தில் பெல்ட்டை அழுத்துகிறது, அச்சு அசலாக நம் ஜாக்கி புல்லி. பழைய கார்களில் இதெல்லாம் கிடையாது. அம்பாசடரில் ஃபேன் பெல்ட் தொய்ந்தால் டைனமோவின் போல்ட்டைத் தளர்த்தி, கம்பி போட்டு நெம்பி, இறுக்கிவிடுவோம். அவ்வளவுதான்.

எஞ்சின் ஆற ஒரு மணி நேரம் விட்டோம். பிறகு முன்னால் குறுக்கே போகும் காற்றுக் குழாயைக் கழற்றி இடம் செய்துகொண்டோம். கார்வெட்டின் பானட் முன்பக்கம் கீல் வைத்து, கண்ணாடிப் பக்கமாகத் திறக்கிறது. அதனால் காருக்கு எதிரில் நின்று வேலை செய்ய முடியாது, பக்கவாட்டில் நின்று குனிய வேண்டும். எழுபது வயது இடுப்புக்கு அது ஒரு பரீட்சை. கழற்றுவதற்கு முன் பெல்ட் எந்தச் சக்கரத்துக்கு மேலே, எதற்குக் கீழே போகிறது என்று பேத்தியைத் தாளில் வரையச் சொன்னேன். செல்போனில் போட்டோ எடுக்கலாமே என்றாள். போட்டோவும் எடு, ஆனால் வரைந்தால்தான் மண்டையில் நிற்கும் என்றேன்.

டென்ஷனர் போல்ட்டில் 15 மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டி மாப்பிள்ளை அழுத்தினார். கை விலகியது, பெல்ட் தொய்ந்தது, நான் உருவிக்கொண்டேன். அரை நிமிஷம் மட்டும் பெல்ட் இல்லாமல் எஞ்சினை ஓட்டச் சொன்னேன். தண்ணீர் சுற்றாது என்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. பேத்தி சொன்னாள், “இப்ப எஞ்சின் சத்தம் மட்டும்தான்.” எஞ்சினுக்குள் கோளாறு இல்லை என்று தெரிந்தது.

இனி என் முறை. நல்ல பேரிங்குக்கு அடையாளம் என்ன என்று பேத்தியைக் கேட்டேன். ரொம்ப நேரம் சுற்றுவது என்றாள். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். புல்லியை விரலால் சுண்டினேன். பம்பரம் மாதிரி நிற்காமல் சுற்றியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கிரீஸ் உள்ள சீல் பேரிங் அப்படிச் சுற்றாது. பிசுபிசுவென்று ஒரு பிடிப்போடு ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். நிற்காமல் சுற்றுகிறது என்றால் உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. பிறகு ஒரு விரலை போல்ட் தலையில் வைத்து, இன்னொரு கையால் புல்லியை மெதுவாக உருட்டினேன். மணல் தரையில் கட்டை வண்டி போவது மாதிரி விரல் நுனியில் நறநறத்தது. காதில் கேட்காதது விரலில் தெளிவாகத் தெரிந்தது. அவள் விரலையும் அங்கே வைத்துப் பார்க்கச் சொன்னேன். “ஆமா அப்புச்சி, கல்லு கல்லா இருக்கு.” டென்ஷனர் புல்லியிலும் அதே நறநறப்பு. ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஸ்டியரிங் பம்ப் மூன்றையும் அதே மாதிரி உருட்டி, ஆட்டிப் பார்த்தோம். மூன்றும் நன்றாக இருந்தன. டென்ஷனரின் ஸ்பிரிங்கும் திக்காமல் திரும்பி வந்தது.

ஐட்லரைக் கழற்றித் துடைத்தபோது பேரிங்கின் ஓரத்தில் எண் தெரிந்தது: 6203. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன். கோயமுத்தூரில் மோட்டார் கட்டுகிற எந்தக் கடையிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் பேரிங் அது. மில்லில் நான் எத்தனை மாற்றியிருப்பேன் என்று கணக்கே இல்லை. பவுலிங் கிரீனில் செய்த காரில் அது உட்கார்ந்திருந்தது.

பேத்திக்கு அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக் கொடுத்தேன். முதல் இரண்டு இலக்கம் பேரிங்கின் வகை. கடைசி இரண்டு இலக்கம் உள்துளையின் அளவு. 04க்கு மேல் என்றால் ஐந்தால் பெருக்க வேண்டும்: 04 என்றால் 20 மில்லிமீட்டர், 05 என்றால் 25. அதற்குக் கீழே மட்டும் மனப்பாடம்: 00 என்றால் 10, 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. ஆக 6203க்கு உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மில்லிமீட்டர். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். “பிரசிடெண்ட் வீட்டுக் காரானாலும் நம்ம ஊர் மோட்டாரானாலும் ஒரே நம்பரா?” என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்றேன்.

பேரிங்கை மட்டும் மாற்றியிருக்கலாம். ஆனால் புல்லிகளின் விளிம்பும் தேய்ந்திருந்ததால் புல்லியோடு வாங்குவது நல்லது என்றேன். இரண்டு புல்லி, ஒரு புது பெல்ட், மொத்தம் 94 டாலர் ஆயிற்று. பெல்ட்டில் வெடிப்பு எதுவும் இல்லையே என்றார் மாப்பிள்ளை. பழைய ரப்பர் பெல்ட்டுகள்தான் வெடிப்பு விட்டுக் காட்டிக் கொடுக்கும். இப்போது வரும் பெல்ட்டுகள் வெடிக்காமலே வரிகள் தேய்ந்துபோகும். பழைய பெல்ட்டையும் புதிய பெல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பள்ளத்தின் ஆழத்தில் வித்தியாசம் தெரிந்தது. டார்க் ரெஞ்சை அங்கே உதிரிபாகக் கடையிலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு இரவல் தருகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் முழுதும் வந்துவிடுகிறது. நம் ஊரிலும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

போல்ட்டை முதலில் கையாலேயே பாதிக்கு மேல் ஏற்றச் சொன்னேன். எடுத்த எடுப்பில் ஸ்பேனர் போட்டால் மரை கடிபட்டாலும் தெரியாது. பிறகு டார்க் ரெஞ்சில் 50 நியூட்டன் மீட்டர். ‘டக்’ என்றதும் கையை எடுத்தார் மாப்பிள்ளை. பேத்தியின் படத்தைப் பார்த்து பெல்ட்டை மாட்டினோம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஆறு வரியும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து அவள் எண்ணிச் சொன்னாள்.

மாப்பிள்ளை ஸ்டார்ட் செய்தார். எனக்கு எஞ்சினின் கனத்த ஓசை மட்டும் கேட்டது. அதற்கு முன்னாலும் அது மட்டும்தான் கேட்டது. அதனால் நான் எஞ்சினைப் பார்க்கவில்லை, பேத்தியின் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உதடு விரிந்தது. உள்ளேயிருந்து மகள் கதவைத் திறந்துகொண்டு வந்து, “வண்டிய எடுத்துட்டீங்களா? சத்தமே காணோம்!” என்றாள். எனக்கு அது போதும்.

பழைய பேரிங்கின் சீலை அன்று மாலை கத்தியால் நெம்பி எடுத்துக் காட்டினேன். கிரீஸ் காய்ந்து, கறுத்து, பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவியதும் குண்டுகள் ஓடும் பாதையில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரிந்தன. நீ கேட்ட கூழாங்கல் இதுதான் என்றேன். கார்மேல் குற்றமில்லை. இருபது வருஷத்துக்கு மேல், எஞ்சினைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் சுற்றிய சக்கரம். எந்த பேரிங்குக்கும் அது நிறைந்த ஆயுசு.

அப்போது அவள் கேட்டாள், “உங்க காது எப்படிப் போச்சு அப்புச்சி?” சொன்னேன். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தாலும் காதுக்குள் மில் ஓடிக்கொண்டே இருக்கும். சிலர் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். காதை அடைத்துக்கொண்டால் மெஷின் பேசுவது கேட்காது என்று எங்கள் செட்டில் யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம். முதலில் மணி ஓசை, பிறகு குருவிச் சத்தம், பிறகு கூட்டத்தில் பேசுகிற பேச்சு என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள். மறுநாள் மாட்டிக்கொண்டாள், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குக் கேட்கிற அளவுக்குப் பாட்டு வைக்கவில்லை என்று மகள் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து அப்பாவும் மகளும் போய் வந்தார்கள். ஐந்து நாளும் என் மனைவி சாமி படத்துக்கு முன்னால்தான் இருந்தாள். நான் செல்போனுக்கு முன்னால் இருந்தேன். பெட்ரோல் போட நிறுத்திய இடத்திலெல்லாம் பேத்தியிடமிருந்து ஒரே வரி வந்தது: “தேனீ மட்டும்தான் அப்புச்சி.”

ஊர் திரும்பியதும் பீரோவிலிருந்து அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு போய்க் காதுக்கு மெஷின் வாங்கிவிட்டேன். முதல் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஹாலில் ‘கரக் கரக்’ என்று ஒரு சத்தம். என்ன அது என்று மனைவியைக் கேட்டேன். “ஃபேன்தான். ரெண்டு வருஷமா அப்படித்தான் கத்துது, உங்களுக்குத்தான் கேக்கலை” என்றாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்க்க மகன் விடமாட்டேன் என்கிறான். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன். அநேகமாக 6202ஆக இருக்கும்.